கல்லணையும் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரும்

மாவனல்லையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மூன்று மாடியில் ஒரு துணிக்கடை நிற்கிறதே, அது நான் கட்டியது. புளத்கொகுபிட்டிய சந்தைக்குப் பின்னால் ஓயா என்கிற சிற்றாற்றைக் கடக்கிற சின்னப் பாலமும் நான் கட்டியதுதான். அதன் தலைக்கு மேலே மூன்று வெள்ளம் போயிருக்கிறது, ஒரு கல் அசையவில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரம், ரப்பர் ஸ்டோரின் புகைக்கூண்டு, நான்கு தோட்டங்களின் கக்கூசுகள், எல்லாம் இந்தக் கை செய்தவை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வாக்குச்சீட்டுகூட இல்லாத தோட்டக்காட்டானுக்கு எவன் கட்டட வேலை கொந்தராத்துக் கொடுப்பான் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் வீட்டுக்கும் நான்தான் ஓடு போட்டேன். டவுனில் சிங்களப் பெரியவர்களும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “பாஸ் உன்னெஹே” என்பார்கள். மேசனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இந்த நாட்டில் கிடையாது.

எங்கள் தோட்டப் பாடசாலையும் நான் கட்டியது. கூலி வாங்காமல் கட்டினேன். அதனால்தான் பெரிய வாத்தியார் போன மாதம் வீடு தேடி வந்தார்.

“பாஸ், ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். இந்தியா போய்ட்டு வந்தீங்கதானே? அங்க உள்ள பழைய கட்டடம் ஒன்னப் பத்தி, பிள்ளைங்களுக்கு விளங்குற மாதிரி எழுதுங்க. வாசல்ல வைக்கிற கல்லுலயும் உங்க பேரைத்தான் போடப் போறோம்.”

கல்லணையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதை மட்டும் தனியே பிரித்து எழுத எனக்கு வராது என்று.

வடக்கில் சண்டை ஓய்ந்து, இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைத்திருந்த வருடம் அது. நானும் என் மனைவி செல்லம்மாவும் திருச்சிக்குப் போனோம். அவளுடைய அண்ணன் பேச்சிமுத்து அங்கேதான் இருக்கிறார். ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய கடைசிக் காலத்தில், அரசாங்க ஒப்பந்தத்தில் கிடைத்த இந்தியப் பாஸ்போட்டோடு குடும்பமாகப் போனவர். இருபது வருடத்துக்கு மேல் அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. “சாகுறதுக்குள்ள ஒரு தடவ” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து கொழும்புக்குப் போக எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, விமானம் திருச்சியில் இறங்கிவிட்டது. அண்ணனுக்குக் கொடுக்க செல்லம்மா பத்துக் கித்துல் கருப்பட்டியை வாழைச்சருகில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். சுங்கக்காரர் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

“என்னாய்யா இது, செங்கல்லா?”

“செங்கல்லுன்னா இத விட நேரா அறுத்திருப்பேனுங்க. நான் மேசன்.”

ஒரு மூலையை உடைத்து வாயில் போட்டார். ஒரு முழுக் கருப்பட்டியை மேசைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

வெளியே மச்சான் நின்றார். நெடுநெடுவென்று இருந்த மனிதர் வற்றிப்போயிருந்தார். செல்லம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, “வாங்க மாப்ள. வயிறு முன்னால வருது, நீங்க பின்னால வர்றீங்க” என்றார். அந்தக் குத்தல் மாறவே இல்லை.

ஆட்டோக்காரர் வழி சொல்லச் சொல்ல நான் பழக்கத்தில் “ஹரி, ஹரி” என்று தலையாட்டிக்கொண்டு போனேன். “ஐயா பெருமாள் பக்தரா? ஸ்ரீரங்கம் விடவா?” என்று கேட்டார். சிங்களத்தில் ‘சரி’ என்பதற்கு நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று மச்சான் விளக்கியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அகதிங்களா?” என்றார். “டூரிஸ்ட்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

இரண்டாம் நாள் வீட்டிலேயே போனது. திரும்பி வந்தவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு அது. சந்தில் எந்த வாசலில் நின்றாலும் “எந்தத் தோட்டம்?” என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரில் எங்களை இந்தியாக்காரன் என்கிறார்கள். இவர்களை இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். காலையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நாம் மழையில் நனைந்து பறிக்கும் கொழுந்தைப் பாலில் போட்டு, சாயம் கதறும் வரை கொதிக்கவைத்து, அதில் அரைக் கிண்ணம் சீனி. குடித்தேன். மூன்று வேளையும் சாம்பார். இரவு செல்லம்மா பொறுக்க முடியாமல் ரொட்டி தட்டி, கட்டச் சம்பல் இடித்தாள். போட மாசிக் கருவாடு இல்லை, ஆனாலும் மச்சான் நான்கு ரொட்டி சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினார்.

அந்த வீட்டில் ஒன்று என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வாசல் படிக்கல் ஆடியது. கால் வைத்தால் ஒரு பக்கம் தூக்கும். இரண்டு சல்லிக் கல் செருகினால் நிற்கும். என் பேரன்கூடச் செய்வான்.

“என்னா மச்சான், இதச் சரிபண்ணக் கூடாதா?”

“நான் கல்லத் தொடுறதில்ல மாப்ள” என்றார். அவ்வளவுதான். இங்கே வந்தது முதல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியிருக்கிறார். இப்போது அதே ஆலையில் கேட்டுக் காவல்.

பிள்ளைகளே, இந்த மனிதர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பாமார் மறந்திருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் கருங்கல் அடுக்க அவரைப் போல ஒருவர் இருந்ததில்லை. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தவுடனே அதன் மடி எங்கே, முதுகு எங்கே என்று சொல்லுவார். சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். அவர் அடுக்கிய கல் அப்படியே குந்தியிருக்கும். எனக்குக் கரண்டி பிடிக்கத் தெரியுமுன்பே அவர் பெரிய கையாக இருந்தார். இதை நான் வேறு எங்கும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் கல்லணைக்குப் புறப்பட்டோம். “பெரிய கோயில் பாக்கணும்னு நெனச்சேன்” என்றேன். “கோயில் எங்க போகும்? மொதல்ல நான் பாக்குற எடத்தப் பாருங்க” என்றார் மச்சான்.

காவேரிக் கரையோரமாகப் போன பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம். ரோடு சரிவாக இருந்ததால் சில்லுக்கு அண்டைக் கல் வைக்கச் சொன்னார் டிரைவர். நான் விடுவேனா? “தள்ளுங்க, நான் மேசன்” என்று உருண்டையாக, அழகாக இருந்த கல் ஒன்றைத் தூக்கி வைத்தேன். ஜாக்கி போட்டதும் பஸ் ஒரு சாண் நகர்ந்தது. என் கல் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. பொம்பளைகள் கத்தினார்கள்.

“பெரியவரே, மேசனா, கோலிக்குண்டு ஆடுறவரா?” என்றான் கண்டக்டர்.

மச்சான் காலால் ஒரு சப்பைக் கல்லை நகர்த்திக் காட்டினார். விகாரமான கல். “அத வைங்க மாப்ள. அழகப் பாக்காதீங்க, குந்துற கல்லப் பாருங்க.” அப்போதும் அவர் கையால் தொடவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன். பஸ் அசையவில்லை.

இனி கல்லணையைச் சொல்கிறேன், பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள்.

காவேரி ஆறு திருச்சிக்குக் கிட்டே இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கிளை காவேரி, மற்றது கொள்ளிடம். தீவு முடிகிற இடத்தில் இரண்டும் திரும்ப நெருங்குகின்றன. கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிறது. சும்மா விட்டால் காவேரித் தண்ணீரும் பள்ளத்தைத் தேடி அதில் விழுந்து கடலுக்கு ஓடிவிடும், வயலுக்கு எதுவும் மிஞ்சாது. அதைத் தடுக்க ஒரு சோழ ராசா போட்ட கல் வரப்புத்தான் கல்லணை. இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்ட ஆகிறது என்கிறார்கள்.

எப்படிக் கட்டினார்கள்? ஆற்றில் அத்திவாரம் வெட்ட முடியாது. தோண்டத் தோண்ட மணல். நீங்கள் கித்துல்கலவுக்குச் சுற்றுலா போனபோது களனி ஆற்று மணலில் நின்றீர்கள்தானே? குதிக்காலுக்குக் கீழே தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு போகும், கால் தானாகவே புதையும். அதே கதைதான். பெரிய பெரிய கல்லாக ஆற்றில் போட்டார்கள். அடி மணலைத் தண்ணீர் அரித்தது, கல் இறங்கியது. அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கியது. கெட்டித் தரையில் போய் உட்கார்ந்து, இனி இறங்க முடியாது என்று கல் சொல்லும் வரைக்கும் போட்டார்கள். எந்தத் தண்ணீரை எதிர்க்க வேண்டுமோ அந்தத் தண்ணீரையே கையாளாக வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். நடுவில் களிமண். சுண்ணாம்புக் கலவை கிடையாது. நேர்க்கோடும் கிடையாது, பாம்பு நெளிந்தது போலக் கிடக்கிறது. வெள்ளம் வந்தால் அணை அதோடு மல்லுக்கட்டாது, தலைக்கு மேலே போகவிட்டுவிடும். வெள்ளைக்கார இஞ்சினியர்மாரே அதைப் பார்த்துத்தான் தங்கள் அணைகளுக்கு வழி கண்டார்களாம்.

இன்றைக்கு மேலே தெரிகிற பாலமும் இரும்புக் கதவுகளும் பின்னால் வந்தவை. பழைய கல் அடியில் கிடக்கிறது. வந்த சனமெல்லாம் பாலத்தின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டது. நானும் பிடித்துக்கொண்டேன்.

“மாசம் ஒரு தடவ வந்துருவேன் மாப்ள” என்றார் மச்சான். கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். செல்லம்மா தள்ளிப் போய்த் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“இங்க அப்படி என்னா இருக்கு மச்சான்?”

“நான் எங்க பிழை விட்டேன்னு பாக்கத்தான்.”

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போலப் பார்த்தேன். அவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் எங்கள் பள்ளிக்கூடத்தை வரைந்தார். பின்னால் மண்மேட்டை வரைந்தார். அதைத் தாங்கி நின்ற கல் சுவரை வரைந்தார், இரண்டு ஆள் உயரம் என்று கோடு போட்டுக் காட்டினார்.

“இந்த எடது மூலை. பலா வேர் ஒன்னு ஓடுச்சு, ஞாபகமிருக்கா? அதுக்காகச் சின்னக் கல்லு வச்சேன். அதுதான்னு பத்து வருசம் நெனச்சேன். அப்பறம் இல்லன்னு தோணுச்சு. இவங்க சின்னக் கல்லும் போட்டிருக்காங்க, அது நிக்குது. சீமெந்து இல்லாமப் போட்டதுதான் பிழைன்னு தொரை சொன்னாரு. இதுல எங்க மாப்ள சீமெந்து? இது நிக்குது. என்னது ஏன் விழுந்துச்சு?”

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சுவரில் மச்சான் பதினொரு மூங்கில் குழாய் செருகியிருந்தார், மண்மேட்டுத் தண்ணீர் வெளியே வர. பீலி என்று நாங்கள் சொல்வோம். “மல தண்ணி குடிக்குது மாப்ள. குடிச்சவன் ஒன்னுக்குப் போகாம இருப்பானா?” என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே செருகினார். லயத்து வரிசை வீடுகளின் பொம்பளைகள் அதில் வாளி வைத்துப் பிடிப்பார்கள். பிறகு கொழும்பிலிருந்து யாரோ பெரிய ஆள் பள்ளிக்கூடம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. பெரிய ஆள் வந்தால் எங்கள் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். லயத்துக்கு வெள்ளை, வழியோரக் கல்லுக்கு வெள்ளை, மாமரத்து அடிக்கும் வெள்ளை. அந்தக் கல் சுவருக்கு முகம் பூசி வெள்ளையடிக்கும் வேலையைத் தொரை என்னிடம் கொடுத்தார். என் வாழ்க்கையில் முதன்முதல் தனியாகக் கிடைத்த வேலை. அடித்த வெள்ளையில் பதினொரு பீலியும் செம்மண் தண்ணீரை ஒழுகவிட்டன. வெற்றிலை துப்பினாற்போல் பதினொரு கறை.

மச்சான் எட்டியாந்தோட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பதினொன்றையும் சீமெந்தால் அடைத்தேன். மேலே பூசினேன். பூச்சு ஈரமாக இருக்கும்போதே கரண்டி முனையால் கோடு இழுத்து, செதுக்கிய கல் போல் காட்டினேன். வந்த பெரியவர் அதைத் தடவிப் பார்த்து “ஹரி லஸ்ஸனய்” என்றார். எவ்வளவு அழகு என்று அர்த்தம். மச்சான் வந்து, “பீலி எங்க மாப்ள?” என்று கேட்டார். “பூச்சுக்குள்ள விட்டு வச்சிருக்கேன், விசேசம் முடிய திறந்து விடுறேன்” என்றேன். அவர் நம்பினார். திறந்துவிட்டேன் என்றும் பிறகு ஒரு நாள் சொன்னேன். அதற்குள் மாவனல்லையில் எனக்கு வேலை வந்துவிட்டது. அவர் ரப்பர் மலைப் பக்கம் கல் அடுக்கப் போய்விட்டார்.

அந்த வருட மழையில், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு பௌர்ணமிப் போயா நாளில், பட்டப்பகலில் சுவர் வெடித்தது. பின் வகுப்பு இரண்டும் மண்ணுக்குள் போயின. யாரும் சாகவில்லை. அது மாரியம்மன் புண்ணியம், என் புண்ணியம் இல்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாரும் நிற்கும்போது, தொரை கேட்டார்: “கல் அடுக்கினது யாரு?”

“மச்சான்தாங்க தொரை” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் எவனும் அவர் கையில் ஒரு கல்லைக் கொடுக்கவில்லை. “பிள்ளைங்களக் கொல்லப் பாத்தவன்” என்று லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினார்கள். பெட்டியின் அடியில் கிடந்த பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு அவர் கப்பல் ஏறினார். நான் பள்ளிக்கூடத்தைக் கூலியில்லாமல் கட்டிக் கொடுத்தேன். தோட்டமே என்னைத் தலையில் தூக்கி வைத்தது.

கல்லணையில் மரத்தடியை விட்டு எழுந்தோம். மதகுப் பக்கம் போனோம். கதவுகளைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த இடத்தில்தான் நான் சொன்னேன். “மச்சான், பீலிய அடைச்சது நான். திறக்கவே இல்ல” என்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. கேட்காது என்று தெரிந்துதான் அங்கே சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் என் வாயருகே காதைக் கொண்டுவந்தார். “என்னா மாப்ள?”

“ஒன்னுமில்ல. மீன் வாசம் அடிக்குதுன்னேன்.”

“அப்பவே கேட்டா என்னா? வெக்கமா?” என்று சிரித்துக்கொண்டு போய், கரையில் பொரித்துக்கொண்டிருந்த பொம்பளையிடம் ஆற்று மீன் வாங்கி வந்தார். பெரிய துண்டு எனக்கு. தங்கைக்கு முள் எடுத்துக் கொடுத்தார். சுடச்சுட, மிளகாய்த் தூள் காரத்தோடு, நல்ல மீன். காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சிலோன்காரருக்கே காரமா!” என்றாள் மீன்காரி.

நான்காம் நாள் விமான நிலையத்துக்கு அவரும் வந்தார். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துக் கேட்டார்.

“மாப்ள, அந்த எடத்துல இப்ப என்னா இருக்கு?”

“புதுச் சுவர் இருக்கு மச்சான். நான் கட்டினேன்.”

“தண்ணி போக ஓட்டை விட்டீங்களா?”

“விட்டேன்.”

“எத்தன?”

“இருபத்திரண்டு.”

கொஞ்ச நேரம் அவர் வாய்க்குள் ஏதோ எண்ணினார். பிறகு தலையாட்டினார். “அதான். நான் பதினொன்னுதான் விட்டேன். பத்தாமப் போயிருச்சு. அதான் விழுந்திருக்கு.” இருபது வருடத்துக் கணக்கு முடிந்துவிட்டது போல அவர் முகம் தெளிந்தது. “உங்க கை கெட்டி மாப்ள” என்றார்.

நான் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

இதை எழுதி முடித்துச் செல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வந்து நின்று, “அந்த மலர்ப் புத்தகம் அண்ணனுக்கு எப்பப் போகும்?” என்று மட்டும் கேட்டாள். கடிதமாகவே எழுதிப் போட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். கடிதத்தை ஒருவர் வாசித்து மடித்து வைத்துக்கொள்வார். அவர் பெயர் கெட்டது பெரட்டுக் களத்தில், எல்லார் காதும் கேட்க.

ஆகவே பெரிய வாத்தியார் ஐயாவுக்கு: வாசலில் வைக்கும் கல்லை வெட்டக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். நிறுத்துங்கள். அதில் இப்படி எழுத வேண்டும். இந்தப் பாடசாலையின் முதல் சுவரைப் பேச்சிமுத்து கட்டினார், பதினொரு பீலி விட்டு, சரியாகக் கட்டினார். பதினொன்றையும் அடைத்து அதை விழுத்தியவன் வீரையா பாஸ். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று மாடிக் கடைக்கும் பாலத்துக்கும் கோபுரத்துக்கும் என் பெயரைச் சொல்கிறீர்கள், சொல்ல வேண்டியதுதான், நான்தான் கட்டினேன். இதையும் நான்தான் செய்தேன். என் பங்கை மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. இந்தக் கட்டுரையிலும் ஒரு வரி வெட்டக் கூடாது. கல்லில் இடம் போதாது என்று வெட்டுகிறவன் சொன்னால், புதுப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவன் நான் என்கிற வரியை எடுத்துவிடுங்கள். இதை எடுக்காதீர்கள்.